நான்கு கோரும் காலியாகும் வரை

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்களில் மஞ்சூர் பக்கத்து டீ ஃபேக்டரி ஒன்றில் கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

புதுக் கணினி வாங்க வழியில்லை. இருந்த ஒன்றுக்குள்ளேயே, தனித்தனிக் கணினி போல நடந்துகொள்ளும் மூன்று மெய்நிகர் கணினிகளை ஒரு மென்பொருள் வைத்து ஓட்டினோம்: கொழுந்து எடைக்கு, கணக்குக்கு, சம்பளத்துக்கு. அடியில் இருந்த புராசசருக்கு நான்கு கோர், அதாவது வேலை செய்ய நான்கு கை.

ஃபேக்டரியில் அப்போது இருக்கிற வேலையை எல்லாருக்கும் சமமாகப் பங்கு போடுவது வழக்கம். ஒரு நாள் வேலை, ஒரு நாள் வீடு. மேனேஜர் கணினிக்கும் அதே நியாயத்தைச் சொன்னார்.

"கூடக் குறைச்சல் வேண்டாமுங்க. மூணுக்கும் நாலு நாலு கோர் குடுத்துடுங்க."

கொடுத்தேன். மூன்றும் நகர மறுத்தன. மெதுவான கணினிக்கு ஆள் வேண்டுமே, என்னைத் தினமும் வரச் சொன்னார்கள். ஃபேக்டரியில் முழு வாரமும் வேலை இருந்த ஒரே ஆள் நான். காரணத்தைத் தேட எனக்கு அவசரமே இல்லை.

ஒரு மதியம் எடைத் திரை அடியோடு நின்றது. வெளியே கொழுந்து மூட்டைகள். அதிக நேரம் கட்டிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், ஃபேக்டரி எடுக்காது. மூட்டை கொண்டுவந்த அம்மா ஜன்னலில் கையூன்றினார்.

"ஏனுங்க, உங்க பொட்டி தூங்குதுங்களா, நீங்க தூங்கறீங்களா?"

"முறை வெச்சுத் தூங்கறோமுங்க."

"அப்பத் தலைக்கு வெக்க எம் மூட்டை வேணுங்களா?"

திரையில் புராசசர் பாதிக்கு மேல் சும்மா இருந்தது. அப்போதுதான் உறைத்தது. மூன்றையும் ஓட்டிய அந்த மென்பொருளில், நான்கு கோர் கொடுத்த கணினி நான்கும் ஒன்றாகக் காலியானால்தான் ஓடும். கணக்குக்கு ஒரு கோர் போதும். ஆனால் நான்கையும் பிடித்துக்கொண்டு மூன்றைச் சும்மா உட்கார வைத்திருந்தது. எடைக் கணினி முறைக்காக வாசலில் நின்றது.

சரிசெய்தால் எனக்கிருந்த முழு வார வேலை போய்விடும். வெளியே போய் மூட்டைக்குள் கைவிட்டேன். வெதுவெதுப்பு. திரும்பி வந்து மூன்றையும் நிறுத்தி, எடைக்கு இரண்டு கோர், மற்றவற்றுக்கு ஒவ்வொன்று என்று மாற்றி ஓட்டினேன். கொழுந்து பச்சையாகவே உள்ளே போனது.

சாயங்காலம் மேனேஜர் வந்து பார்த்தார்.

"நல்லா ஓடுதுங்களே! இனி நீங்களும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாப் போதுமுங்க."

"சரிங்க" என்றேன். வருத்தம் வரவேண்டிய இடம். வரவில்லை. நான்கு கோரும் காலியாகட்டும் என்று அதுவும் எங்கேயோ நின்றிருக்கும்.

மறுநாள் வீட்டில் உட்கார்ந்து அந்த வருத்தத்துக்காகக் காத்திருந்தேன். டீ மட்டும் வந்தது.