விருந்தினர் கழிவறையின் சாவி

காலை மணி அடித்ததும் அகத்தா டீச்சர் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். பள்ளி விடும்போது மறுபடியும் தூக்குவார். கனம் குறையாத போத்தலைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். ஆசிரியர் அறையில் அவருக்குத் 'தண்ணி இன்ஸ்பெக்டர்' என்று பெயர்.

பாடாங் செராய் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் தமிழ்ப்பள்ளி அது. அவர் வகுப்பில் ஆண் வரிசை, பெண் வரிசை கிடையாது. பிறந்த மாத வரிசைதான். வகுப்பைக் கூட்டுவதும் எல்லாருக்கும் முறை வைத்துத்தான். "பையன் கூட்டுனா கை தேஞ்சிடாது லா" என்பார்.

ஜெயாவின் போத்தல்தான் அவரை உறுத்தியது. பதிவேட்டில் ஜெயகுமார். "நான் பொம்பளப் புள்ள டீச்சர்" என்று ஒருநாள் அவர் காதில் மட்டும் சொன்னாள். ஆண்கள் தண்டாஸுக்குப் போனால் பையன்கள் கழிவறைக் கதவைத் தள்ளினார்கள்; பெண்கள் பக்கம் போனால் விரட்டினார்கள். அதனால் பள்ளி விடும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். எட்டு வயதில் அப்படியொரு வைராக்கியம்.

மண்டபத்துக்குப் பின்னால், அதிகாரிகள் வந்தால் மட்டும் திறக்கும் விருந்தினர் கழிவறை ஒன்று உண்டு. அகத்தா ஜெயாவுக்காக அதன் சாவியைக் கேட்டு வாங்கினார். அன்று முதல் ஓய்வு நேரமெல்லாம் அதன் வாசலில் காவல், ரொட்டியும் நின்றபடியேதான். கேண்டீனில் அவர் இடத்தில் இப்போது வேறொருவர் உட்காருகிறார். வீட்டிலும் அகத்தா ஒற்றை ஆள். கேண்டீன் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போது மனசு வலிக்கத்தான் செய்தது.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஜெயாவுக்கு மட்டும் தனிக் கழிவறையா என்று பெற்றோர் சிலர் புகார் சொன்னார்கள். தலைமையாசிரியர் ரவிச்சந்திரன் அகத்தாவைக் கூப்பிட்டார்.

"சாவிய நாளைக்கு ஆபீஸ்ல வச்சிருங்க டீச்சர். எனக்குத் தலவலி வேணாம் லா."

"அந்தப் புள்ள தண்ணி குடிக்க மாட்டா சார்."

"வீட்ல போய்க் குடிக்கட்டும்."

மறுநாள் காலை அகத்தா சாவியை அவர் மேசைமேல் வைத்தார்.

ஓய்வு மணி அடித்தது. சாவி போன செய்தி ஜெயாவுக்கும் எட்டியிருந்தது. நிறைந்த போத்தலை அணைத்துக்கொண்டு தூரத்திலேயே நின்றுவிட்டாள். அகத்தா அதே வாசலில், அதே ரொட்டியோடு நின்று அவளைக் கையசைத்து அழைத்தார். பிறகு கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே இழுத்தார். சிலுவைக்குப் பக்கத்தில், முந்தின நாள் மாலை பாடாங் செராய்க் கடையில் அதே சாவிக்கு நகலாக வெட்டி வாங்கிய புதுச் சாவி தொங்கியது.