அழுக்கில்லாத கண்ணாடி

முதலில் மூக்குக் கண்ணாடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அன்றைய அழுக்கு என்ன அழுக்கு என்று பார்ப்பார். அதன் பிறகுதான் வாயால் ஊதி, ஆவி படியவைத்து, துணியை எடுப்பது. கடையைச் சாத்திவிட்டு வந்து கைகால் கழுவியதும் அவர் செய்கிற முதல் காரியம் இது. வீட்டில் மூன்று பேர், மூன்று கண்ணாடி. முதலில் மனைவியுடையது, அப்புறம் மகளுடையது, கடைசியில் தன்னுடையது.

"இன்னிக்கு கிளினிக்ல கூட்டம் ஜாஸ்தியோ? நாலு தடவையாவது கழட்டிக் கண்ணைக் கசக்கியிருக்கே."

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவர். "துப்பறிய வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு? நேரா கேட்டா நானே சொல்ல மாட்டேனா?" என்பார்.

நேராகக் கேட்பது அவருக்கு வராது. அதுதான் அவருடைய குணம். குறை என்றாலும் தப்பில்லை.

தெருவில் அவருக்குப் பெயர் கண்ணாடிக்காரர். மூக்குக் கண்ணாடி விற்பதைவிடப் பழுது பார்ப்பதே அவருக்கு அதிகம். கடை இரண்டு பேர் நிற்கிற அகலம்; மூன்றாவது ஆள் வந்தால் படியில் காத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு மேஜை, வாடிக்கையாளருக்கு ஒரு முக்காலி, பிரேமை இளக்குவதற்குச் சூடான காற்று ஊதும் ஒரு பெட்டி, பின்னால் வரிசையாக மாத்திரை டப்பாக்கள். கழற்றிய எந்தத் துண்டையும் அவர் எறிவதில்லை. ஒடிந்த காதுக் கம்பி, தேய்ந்த திருகாணி, வளைந்த கீல் எல்லாம் அந்த டப்பாக்களில் இருக்கும்.

யாரைப் பார்த்தாலும் முதலில் காதைத்தான் பார்ப்பார். "ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இருக்கிற மனுஷனை நான் பாத்ததே இல்ல. ஆண்டவன் ரசமட்டம் வெச்சுப் பாக்கல" என்பது அவர் அடிக்கடி சொல்வது. கல்யாணமான புதிதில் மனைவியிடம் அவர் சொன்ன முதல் பாராட்டு, "உனக்கு இடது காது ஒரு நூல் எறக்கம்." அந்த அம்மாள் இன்னும் மன்னிக்கவில்லை.

உடைந்து வந்த கண்ணாடியைக் கையில் வாங்கியதுமே அது எப்படி உடைந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கீழே விழுந்தது என்றால் ஒரு மூலையில் சிராய்ப்பு இருக்கும். மேலே உட்கார்ந்தார்கள் என்றால் இரண்டு கம்பியும் தவளைக்கால் மாதிரி விரிந்திருக்கும். "பக்கத்து வீட்டுப் பூனை தட்டிவிட்டுடுச்சு" என்று ஒருவர் கொண்டுவந்தார். எண்பது கிலோ பூனை என்று கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. எதிரே நின்றவரின் எடையும் ஏறக்குறைய அதுதான். "பூனைங்களே அப்படித்தான் சார்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் ரிப்பேர் சீட்டில் "உட்கார்ந்தது" என்றே எழுதினார். வாய் வாடிக்கையாளர் சொன்னதை ஒப்புக்கொள்ளும். கை கண்டதை எழுதும். தெரிந்தும் கேட்காமலிருப்பதற்கு நாம் நாகரிகம் என்று பெயர் வைத்திருக்கிறோம். கடையில் அது நல்ல பெயரைத்தான் வாங்கிக் கொடுத்தது.

மகள் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. கண்ணாடி கனமானது, பிறந்ததிலிருந்தே பார்வை அப்படி. அந்தக் கண்ணாடியைத் துடைக்க எடுக்கும்போது "பலசரக்குக் கடையே இருக்கு" என்பார் அப்பா. சாக்பீஸ் தூள், மைப்புள்ளி, பென்சில் கரி, ஐந்து விரல் ரேகையும் இருக்கும். ஒரு பிள்ளையின் முழுநாளும் அதில் ஒட்டியிருக்கும் என்பது அவர் எண்ணம்.

பள்ளி திறந்த இரண்டாம் மாதம் அது உடைந்து வந்தது. "விழுந்துடுச்சுப்பா" என்றாள். சிராய்ப்பே இல்லை. கீல் ஈரத்துணியைப் பிழிந்தது போல் திருகியிருந்தது. "சரிடா, பாத்து நட" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் புதிதுபோல் ஆக்கிக் கொடுத்தார். சீட்டில் எழுதினார்: "முறுக்கு. இரண்டு கை." மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே சொல், அதே முறுக்கு, அதே "சரிடா". பழுதைச் சரிசெய்தால் விஷயம் சரியாகிவிடும் என்று நம்புவது அவர் தொழில் செய்கிறவர்களுக்கு வருகிற வியாதி.

அதன் பிறகு கண்ணாடி உடையவேயில்லை. அவருக்கு நிம்மதி. ஒரு சாயங்காலம் வழக்கம்போல் விளக்குக்கு நேரே பிடித்தார். ஒன்றும் இல்லை. ரேகை இல்லை, தூள் இல்லை. மூக்கில் படிகிற இடத்தில் வியர்வைகூட இல்லை. முந்தின நாள் அவர் துடைத்தபடியே இருந்தது. நேற்று அப்படித்தான் இருந்ததோ? முந்தாநாளும்? துணி கையிலேயே நின்றது.

"என்ன ஆச்சு?" என்றார் மனைவி.

"இத இவ போடறதே இல்ல."

பள்ளி விட்டதும் வாலு நேராகக் கடைக்கு வந்துவிடுவாள்; அம்மா வேலை முடிந்து வந்து அழைத்துப் போகும்வரை அங்கேதான். மறுநாள் வந்தவளை அவர் முக்காலியில் உட்காரச் சொன்னார். அவர் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

"சொல்லுங்க மேடம். கண்ணாடிக்கு என்ன கம்ப்ளைன்ட்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஒண்ணுமில்ல சார்."

"ரிப்பேருக்கு வர்றவங்க எல்லாரும் மொதல்ல அதத்தான் சொல்லுவாங்க." இரண்டு சீட்டுகளையும் எடுத்து மேஜையில் வைத்தார். "விழுந்துச்சுன்னு நீ சொன்ன. நான் முறுக்குன்னு எழுதியிருக்கேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்பு."

அவள் சீட்டை எடுத்துப் படித்தாள். கண்ணாடி இல்லாததால் மூக்கு காகிதத்தைத் தொட்டது.

"நீங்க எழுதினதுதான் சரிப்பா."

மூன்று பேர். அவள் வகுப்பேதான். இடைவேளையில் கண்ணாடியைப் பிடுங்கிக் கைமாற்றிக் கைமாற்றி எறிவார்கள். பிறகு ஒருத்தி முன்னால் வந்து நிற்பாள். "சோடாபுட்டி, இது எத்தனை விரல் சொல்லு." 

"தப்பா சொன்னா சிரிப்பாங்கப்பா. சரியா சொன்னாலும் சிரிக்கிறாங்க."

திருப்பிக் கேட்டபோதெல்லாம் அவர்கள் முறுக்கினார்கள். அதனால் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பள்ளி வாசலிலேயே கழற்றி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துவிடுவது. "புடுங்க ஒண்ணும் இருக்காதுல்ல?" கடைக்கு வந்தாலும் 'கண்ணு வலிக்குது' என்று போடுவதில்லை; அப்பா அதையும் மேலே கேட்டதில்லை. கரும்பலகை தெரியாது. பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வாள்.

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டால், நீங்க ஏன் கேக்கல என்று திரும்பி வரும். "நான் கேட்டிருக்கணும். ரெண்டு தடவையும் தெரிஞ்சும் கேக்கல. தப்பு என்னோடது" என்றார். "ஸ்கூல்ல சொல்லலாமா?"

"போட்டுக் குடுத்துட்டான்னு சொல்லுவாங்க."

"போட்டுக் குடுக்கறது அடுத்தவங்க மாட்டணும்னு. இது நீ கண்ணாடி போடணும்னு. உனக்குத் தெரியாம ஒண்ணும் செய்ய மாட்டோம்."

அவள் சீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். "அம்மா வந்தா கத்துவாங்க."

அதனால் முதல்முறை அவர் மட்டும் போனார். வகுப்பாசிரியையிடம் கண்ணாடியைக் காட்டினார். ஆசிரியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானே சார் இருக்கு? எங்க உடைஞ்சிருக்கு?" எங்கும் உடைந்திருக்கவில்லை. அவ்வளவு சுத்தமாகச் சரிசெய்திருந்தார், கீல் மாற்றின இடம் அவருக்கே தெரியாது. "பிள்ளைங்க விளையாட்டு. உங்க பொண்ணையும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க" என்றார் ஆசிரியை. இவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"சரிங்கன்னா சொன்னீங்க?" என்றார் மனைவி. "பல்லு வலின்னு வர்றவங்கிட்ட நான் போய் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொன்னா எப்படி இருக்கும்? வாயில சொன்னது காத்தோட போயிடும். எழுதுங்க."

எழுத உட்கார்ந்தார்கள். மனைவி சொன்ன முதல் வரி, "நீங்களும் உப்புப் போட்டுத்தானே சாப்பிடறீங்க" என்று தொடங்கியது. "அது வேண்டாம். நெனச்சத எழுத வேண்டாம், கண்டத எழுதலாம்" என்றார் இவர். எந்தத் தேதி, எந்த இடம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள். வாலு தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு. "தினமும் இல்லப்பா. வெள்ளிக்கிழமை பி.டி. வரும், அன்னிக்கு இல்ல." 'தினமும்' என்பதை அடித்து, 'வெள்ளி தவிர' என்று எழுதினார். அந்தக் கடிதத்தில் மிகவும் உறுதியான இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் என்ன வேண்டும் என்று மூன்று வரி: இடைவேளையில் ஒரு பெரியவர் பார்வையில் இருக்க வேண்டும், பெண்ணை முதல் பெஞ்சுக்கு மாற்ற வேண்டும், என்ன செய்தீர்கள் என்று எங்களுக்குச் சொல்ல வேண்டும். யாரையும் பள்ளியை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. அதை வாலுவே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

இரண்டாம்முறை இருவரும் தலைமையாசிரியை அறைக்குப் போனார்கள். வகுப்பாசிரியையும் இருந்தார். கண்ணாடிக்காரர் கடிதத்தைக் கொடுத்தார், இரண்டு சீட்டுகளை வைத்தார், மாத்திரை டப்பாவைத் திறந்து முறுக்கிய இரண்டு கீல்களையும் ஒரு வெள்ளைத்தாளில் எடுத்து வைத்தார். தலைமையாசிரியை ஒன்றை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். வளையவில்லை.

"இதுக்கு நல்ல பலம் வேணுமே."

"ரெண்டு கை வேணும் மேடம். விழுந்தா இப்படி ஆகாது."

வகுப்பாசிரியை மெதுவாகத்தான் சொன்னார், "நான் அன்னிக்கே சொன்னேன் சார், கொஞ்சம் அட்ஜஸ்ட்..."

"பதினெட்டு வருஷமா அட்ஜஸ்ட் பண்றதுதான் டீச்சர் என் பொழப்பு" என்றார் அவர். குரல் உயரவில்லை. "மூஞ்சிக்குத் தகுந்த மாதிரி பிரேமை வளைப்பேன். பிரேமுக்குத் தகுந்த மாதிரி மூஞ்சிய வளைச்சதில்ல."

அவர் வாழ்க்கையில் அதுதான் நீளமான எதிர்ப்பேச்சு என்று மனைவி பிற்பாடு சொன்னார். மனைவியோ கத்தவில்லை, மகளுக்குக் கொடுத்த வாக்கு. எழுந்திருக்கும்போது மட்டும் கடிதத்தின் நகலை நீட்டி, கிளினிக் குரலில், "வாங்கிக்கிட்டதுக்கு இதுல ஒரு கையெழுத்து, தேதியோட" என்றார். தலைமையாசிரியை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போட்டார்.

எல்லாம் மறுநாளே சரியாகிவிடவில்லை. மூன்று வீட்டுப் பெற்றோரையும் பள்ளி அழைத்தது. ஒரு தாய், "சின்னப் பிள்ளைங்க சண்டைய இவ்வளவு பெரிசாக்குவாங்களா?" என்று கிளினிக்குக்கே போன் செய்து கேட்டாராம். "டோக்கன் வேணுமாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார் வரவேற்பில் இருந்த மனைவி. பெஞ்சு மாறியது. இடைவேளையில் ஆசிரியை ஒருவர் வராந்தாவில் நின்றார். வகுப்பாசிரியை வெள்ளிக்கிழமைதோறும் டைரியில் இரண்டு வரி எழுதி அனுப்பத் தொடங்கினார். முதல் வாரம் கடனே என்று, மூன்றாம் வாரம் கொஞ்சம் மனசு வைத்து. ஆனால் கண்ணாடி மட்டும் சாயங்காலம் அப்படியே சுத்தமாக வந்துகொண்டிருந்தது. அவர் "இன்னிக்கு போட்டியா?" என்று மட்டும் நேராகக் கேட்பார். "இல்லப்பா" என்பாள், நேராக. "சரி, நாளைக்கும் கேப்பேன்" என்பார்.

கடிதம் கொடுத்த இருபத்திரண்டாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தபோது வாலு எங்கோ மாடிப்படியில் கத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி மேஜைமேல் கிடந்தது. மனைவியுடையதைத் துடைத்துவிட்டு அதை எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தார். வலது பக்கம் சாக்பீஸ் தூள். ஓரத்தில் மைப்புள்ளி. நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, முழுசாக.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு துணியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைக்காமல், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.