மொட்டைக் காருக்கு மூடி

மேலே மூடி இல்லாத வண்டியில் போகிறவர்கள் இரண்டே பேர்தான், ஒன்று கட்சிக்காரன், இன்னொன்று பொணம் என்று பெண்ணைப் பெற்ற எடப்பாடிக்காரர் சொல்லிவிட்டாராம். அந்த ஒரு பேச்சால்தான் அந்தச் சிவப்புக் கார் எங்கள் பட்டறைக்கு வந்தது.

பட்டறை திருச்செங்கோட்டுக்கு வெளியே, நாமக்கல் போகிற ரோட்டோரம் இருந்தது. லாரிக்குப் பாடி கட்டுவதுதான் வேலை. நான் அங்கே தகரம் வெட்டி வளைக்கிறவன். எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் வருஷமும் அதே பெஞ்சு என்றதும், பெஞ்சுக்கே என்னைப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு வந்துவிட்டேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எழுபதுகள் முடியப்போகிற நேரம்.

காரை ஓட்டி வந்தவர்தான் மாப்பிள்ளை, பக்கத்து ஊரில் நிலம் நிறைய வைத்திருந்த பெரிய காட்டுக்காரர் வீட்டுப் பையன். காதுக்குக் கீழே கிருதா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, ரோட்டைப் பெருக்கிக்கொண்டு போகிற மாதிரி பேண்ட். ஏற்காட்டில் ஏதோ எஸ்டேட்டில் கிடந்த இங்கிலீஷ்கார வண்டியாம் அது. இரண்டே சீட். மேலே இருந்த துணி எப்போதோ மக்கிப் போயிருந்தது. வண்டி என் இடுப்புக்குத்தான் இருந்தது. அதற்குள் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் குளிக்கிற தொட்டியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"தண்ணி ஊத்தட்டுங்களா?" என்று கேட்டேன்.

"ரேடியேட்டருக்கா?"

"இல்லீங்க, உங்களுக்கு."

பட்டறை மேஸ்திரி என் முதுகில் ஒன்று போட்டார்.

மாப்பிள்ளை கோபப்படவில்லை. அவருக்கு அதற்கு நேரமில்லை. எடப்பாடியில் தறிப்பட்டறையும் தோட்டமுமாக இருந்த ஒருவருடைய பெண்ணைப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கும் பிடித்திருந்தது, பையனுக்கும் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பாவுக்குத்தான் காரைப் பிடிக்கவில்லை. கல்யாணம் முடிந்து என் பெண் இந்த மொட்டை வண்டியிலா வருவாள் என்று கேட்டவர், வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்னால் வண்டிக்குக் கெட்டியாக ஒரு கூரை போட்டுக் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார். துணி கூடாதாம். தகரமாக இருக்கவேண்டுமாம். வருகிற வெள்ளிக்கிழமை அவரே நேரில் வந்து பார்ப்பாராம்.

"மூடி கெட்டியா இருக்கோணுமுங்க மேஸ்திரி. ஆனா வேணுங்கறப்பக் கழட்டி வெச்சுப்போட்டுப் போறாப்பல இருக்கோணும்" என்றார் மாப்பிள்ளை.

"மாமனாரு முன்னால மூடி, மச்சானுங்க முன்னால மொட்டையுங்களா?" என்றேன்.

"ஏனுங்க, இந்தக் காரை வித்துப்போட்டு எல்லாரும் வெச்சிருக்கற மாதிரி ஒண்ணு வாங்கிக்கலாமுங்களே?" என்று மேஸ்திரி கேட்டார். அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது.

"கேட்டுப்போட்டேனுங்க. அந்தப் புள்ளைக்கு இந்தக் காருதான் புடிச்சிருக்குதாம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார் மாப்பிள்ளை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அவரும் சாதாரண ஆள்தான். அந்தப் பெண் வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐநூறு லாரிக்குப் பாடி கட்டியிருக்கிறேன் என்பார். நான் சேர்ந்தபோதும் ஐநூறுதான், ஆறு வருஷம் கழித்தும் ஐநூறுதான். ராகு காலத்தில் சுத்தியலைத் தொடமாட்டார். எந்த வண்டி வந்தாலும் முதல் வேலையாக டயரைக் கழற்றிவிடச் சொல்வார், வெல்டிங் பொறி விழுந்து ரப்பர் வீணாகிவிடும் என்று. பிறகு முன் மூக்குக்குக் கீழே ஒரு கட்டை, பின் வாலுக்குக் கீழே ஒரு கட்டை. வண்டி அதன்மேல் அசையாமல் நிற்கும். லாரிக்கு அது சரி. லாரியின் அடிச்சட்டம் ரயில் தண்டவாளம் மாதிரி, நடுவில் யானையைக் கட்டினாலும் வளையாது.

இந்த வண்டிக்கு மேலே ஒன்றுமில்லை. மூடியில்லாத தகரப் பெட்டியை இரண்டு முனையில் தூக்கினால் நடுவில் தொய்யுமே, அப்படித் தொய்ந்தது. தொய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தரையில் நின்றபோது வெண்ணெய் மாதிரி திறந்து மூடிய கதவு, கட்டைமேல் ஏற்றியதும் மேல்பக்கம் கண்ணாடிச் சட்டத்தில் இடித்தது.

"மேஸ்திரி, வண்டி நடுவுல எறங்கிப்போச்சுங்க. கட்டையை உள்ள தள்ளி வெச்சுப் பாக்கலாமுங்க" என்றேன்.

"ஐநூறு வண்டி கட்டுனவனுக்கு எட்டாங்கிளாஸ் பெயிலு பாடம் சொல்றானா? கீலு தேஞ்சுபோன பழைய கதவுடா அது. ரெண்டையும் கழட்டிச் செவுத்துல சாத்து."

சாத்தினேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பயந்து அல்ல. என்ன ஆகிறதென்று பார்க்க ஆசையாக இருந்தது.

அளவெடுத்து மூடி கட்டினோம். மூடி என்று சொல்வது மரியாதைக்குத்தான். லாரிக்குப் போடுகிற அதே மரச்சட்டம், அதே கெட்டித் தகரம், அதே ஆணி. முன்னால் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதற்கு லாரிக் கதவின் கொக்கி இரண்டு, பின்னால் விரல் தடிமனில் போல்ட் இரண்டு. இருபுறமும் கதவு வரைக்கும் தகரத்தால் அடைத்து, பக்கத்துக்கு ஒன்றாகக் கையை நீட்டுகிற அளவுக்கு ஜன்னல். கொஞ்சம் விட்டிருந்தால் மேஸ்திரி நெற்றியில் பர்மிட் எழுதி, பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்றும் எழுதியிருப்பார். தூக்க நான்கு பேர் வேண்டும். மாப்பிள்ளை தனியாகக் கழற்றிவைத்துக் காற்று வாங்கப் போவாராம்.

வியாழக்கிழமை சாயங்காலம் டயரை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, கதவுகளையும் திரும்ப மாட்டினோம். வண்டி நிமிர்ந்துகொண்டது. மூடியைத் தூக்கி வைத்தால் ஒரு விரல் நீளம் குறைந்தது. கொக்கி எட்டவில்லை.

மேஸ்திரி சுற்றிச் சுற்றி வந்தார். மூடியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைத் திட்டினார்.

"நீ வெட்டுன தகரம் சுருங்கிப்போச்சுடா."

"தொவைச்சுப் போட்டமுங்களா, சுருங்கறதுக்கு?"

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். இரண்டு சீட்டிலும் மணல் மூட்டையை ஏற்றினார். வண்டி நடுவில் இறங்கியது, கொக்கி எட்டியது. போல்ட்டை இழுத்து முறுக்கினோம், இனி மூட்டையை எடுத்தாலும் வண்டி நிமிர மூடி விடாது. மூட்டையை ஜன்னல் வழியாகவா எடுப்பது? கதவைத் திறக்கப் போனால் வரவில்லை. முழங்காலால் ஓர் இடி இடித்தேன், வந்தது.

"பாத்தியா? புதுசுல இறுக்கமாத்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எடப்பாடிக்காரர் வந்தார். மேலே நல்ல அகலம், கீழே அதைவிட அகலம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் குடை. காரை ஒருதரம் சுற்றி வந்து, மூடியைக் குடையால் தட்டிப் பார்த்தார். டொம் என்றது. முகம் மலர்ந்துவிட்டது.

"இது கூரை. ஏனுங் மாப்ள, இத மொதல்லயே போட்டிருந்தா நான் எதுக்கு வாயைத் தொறக்கறேன்? ஏறுங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள உங்க ஊட்டுக்குப் போய்த் தாம்பூலத்துக்கு நாள் பாத்தர்றேன்."

அவர் ஏறியதும் வண்டி முனகியது. கதவை நான்தான் வெளியிலிருந்து தள்ளிச் சாத்தினேன். இருவரும் நாமக்கல் ரோட்டில் போய்த் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளையின் பல் முழுக்க வெளியே தெரிந்தது. அது அவ்வளவு நேரம்தான் தெரிந்தது.

எடப்பாடிக்காரர் கதவைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. மாப்பிள்ளை தன் பக்கத்துக் கதவைப் பார்த்தார். அதுவும் அசையவில்லை. நான் முழங்காலால் இடித்தேன். மணல் மூட்டைக்கு நகர்ந்த கதவு, இந்த மூட்டைக்கு நகரவில்லை.

"என்றா பண்றீங்க? தொறங்கடா!"

"இருங்க மாமா, கொஞ்சம் இறுக்கமா இருக்குது" என்றார் மாப்பிள்ளை.

"இறுக்கமா? எனக்கு மூச்சே முட்டுது!" ஜன்னல் வழியாக ஒரு கையும் குடையும் வெளியே வந்தன. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

நான் ஜன்னலோரம் குனிந்தேன். "கூரை கெட்டியா இருக்குதுங்களா?"

குடை என் தோளில் விழுந்தது.

மூடியைக் கழற்றினால் தீர்ந்தது. நான் ஸ்பானரை எடுத்தேன். மேஸ்திரி என் கையைப் பிடித்தார். சுவரில் மணி பத்து முப்பத்திரண்டு.

"ராகு காலத்துல ஸ்பானரைத் தொடாத. பன்னெண்டு வரைக்கும் பொறுத்துக்கட்டும்."

"ஏனுங்க மேஸ்திரி, உள்ள இருக்கறது மனுசனுங்க!"

"ஐநூறு வண்டில ஒருக்காக்கூட நான் ராகு காலத்துல..."

உள்ளேயிருந்து எடப்பாடிக்காரர் மேஸ்திரியின் பரம்பரையைப் பற்றிச் சொன்னதை எழுதினால் அச்சாபீஸ்காரர் கோபித்துக்கொள்வார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி எங்கேயோ விழுந்திருந்தது. அவர் கதவைத் தள்ளவில்லை, மாமனாரைச் சமாதானம் செய்யவும் இல்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு, எடப்பாடி ரோடு தனக்கு மூடிவிட்டது என்கிற மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கட்டையைப் பற்றி இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம்.

மேஸ்திரியின் கையை உதறிவிட்டுப் போல்ட்டைக் கழற்றினேன். கொக்கியைச் சுத்தியலால் ஒரு தட்டு. நாலு பேராக மூடியைத் தூக்கினோம். வண்டி பெருமூச்சு விட்ட மாதிரி நிமிர்ந்தது. யாரும் தொடாமலே எடப்பாடிக்காரர் பக்கத்துக் கதவு டக்கென்று திறந்துகொண்டது.

அவர் இறங்கினார். வேட்டியைச் சரி செய்தார். கீழே கிடந்த மூடியைப் பார்த்தார், திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். தானே அந்தக் கதவை ஒருமுறை மூடித் திறந்தார். வெண்ணெய் மாதிரி வந்தது.

"மாமா..." என்றார் மாப்பிள்ளை.

"அந்தக் கருமத்தைத் திரும்ப மாட்டாதீங்க. என்ற புள்ள ஏறுனா எறங்கோணுமில்ல? மொட்டையாவே வாங்க." குடையை எடுத்துச் சீட்டில் போட்டார். "வெயிலுக்கு இதைப் புடிச்சுக்கட்டும். பன்னெண்டு மணிக்கு மேல நாள் பாக்கறேன்."

"கழட்டற மாதிரி கேட்டாங்க, கழட்டிக் காட்டிப்போட்டோம்" என்றார் மேஸ்திரி, அவர் போன பிறகு. அந்த மூடியை ஐநூற்றொன்றாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டாரா என்று கேட்டேன்.

கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் நான் நின்றுகொண்டிருந்தபோது சிவப்புக் கார் வந்தது. அதே கறுப்புக் குடை, அதற்குக் கீழே அந்தப் பெண், காற்றில் பாதி பூ உதிர்ந்து போயிருந்தது. எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள். நான் கதவைப் பார்த்தேன். அவள் குடையை மடக்கினாள், ஒரு கையால் கதவைத் தள்ளினாள், இறங்கிவிட்டாள்.