இரண்டாம் புள்ளி

போன மாதம் பேத்தியின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கட்டில் விரிப்பின் மூலையில் ஒரு நம்பர் தைத்திருந்தது. பிள்ளையைப் பார்க்காமல் அதையே தடவிக்கொண்டிருக்கிறேன் என்று மகள் முறைத்தாள். அவளுக்கென்ன தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாகர்கோவில் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் துணி அறை என் பொறுப்பு. பெரிதாக நினைத்துவிடாதீர்கள், இடுப்பில் அலமாரிச் சாவி தொங்கும், அவ்வளவுதான். அங்கே வெள்ளைக் கோட்டும் துவாலையும் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமில்லை. கோட்டாற்றில் சலவைச்சாலை வைத்திருந்த ஒரு சாயிபு வாடகைக்குத் தருவார். திங்கள்தோறும் மாட்டுவண்டியில் வெளுத்த மூட்டை வரும், அழுக்கு மூட்டை போகும். இன்று நான் போட்ட கோட்டு அடுத்த வாரம் யார் முதுகில் ஏறும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வேறு இடத்துத் துணியோடு கலந்துவிடாதிருக்க, சேங்கொட்டைச் சாற்றால் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைப்போம். எத்தனை வெளுப்புக்கும் போகாது. ஆனால் தரை துடைக்கும் ரோசம்மாளும் கூட்டாளிகளும் போடுகிற கோட்டுக்கு இரண்டு புள்ளி. ஹெட் கிளார்க்கின் உத்தரவு. வெளுத்து வந்த பிறகும் அது அவர்களுக்கு மட்டும்தான். ஒருநாள் ஒரு நர்ஸ் அவசரத்தில் இரண்டு புள்ளிக் கோட்டை மாட்டிவிட்டாள். புள்ளியைக் கண்டதும் தேள் கொட்டியதுபோல உருவி ரோசம்மாளின் காலடியில் எறிந்தாள். ரோசம்மாள் குனிந்து எடுத்து, தூசி தட்டிப் போட்டுக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மூட்டை வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, இருந்த கோட்டு அத்தனையிலும் இரண்டாவது புள்ளி வைத்தேன். டாக்டர் கோட்டையும் விடவில்லை. வீரம் இருந்த அளவுக்குப் புத்தி இல்லை; அந்தச் சாறு பட்டால் தோல் வெந்துபோகும் என்பதை மறந்துவிட்டேன். விரலெல்லாம் கொப்புளம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுவார மூட்டையையும் முடித்தேன்.

ஹெட் கிளார்க் எங்களை வரிசையாக நிறுத்தினார்.

“ஆரு போட்டது இத?”

என் கையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். ஒளித்து என்ன பயன்?

“நாந்தான் போட்டேன். அழிக்க முடிஞ்சா அழிச்சுக்கிடுங்க.”

எல்லாவற்றையும் மாற்றித் தரச் சொல்லிச் சாயிபுவை வரவழைத்தார். சாயிபு ஒரு கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கோட்டு எனக்குள்ளதாக்கும். கிழிஞ்சா மாத்தித் தருவேன். புள்ளிக்கெல்லாம் மாத்த மாட்டேன்.”

என் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்கு அனுப்பினார்கள். போகட்டும். அடுத்த திங்கள், அடுக்கின் மேலே இருந்த கோட்டை ரோசம்மாள் எடுத்தாள். அவளுக்குப் பின்னால் அந்த நர்ஸும் கை நீட்டினாள்.

சாயிபுவின் சலவைச்சாலை இன்று இல்லை. மாட்டுவண்டி இல்லை. அந்த ஆஸ்பத்திரிக் கட்டடமும் இல்லை. நினைத்தால் மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. கூட்டுகிறவளுக்குத் தனிக் கோட்டு என்ற அந்த வழக்கமும் போய்த் தொலைந்தது. அதற்கு மட்டும் என்னிடம் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.