நீஸ் என்றால் மருமகள்

அகஸ்ரினுக்கு ஆங்கிலம் வராது, லத்தீன் வரும். ரொறொன்ரோவில் இதைவிட உதவாத படிப்பு வேறு இல்லை என்று நான் அவரைப் பகிடி பண்ணாத நாள் கிடையாது. யாழ்ப்பாணத்தில், குருநகர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கோயில் கந்தோரில் பதினெட்டு வயதிலிருந்து எழுத்துவேலை. ஞானஸ்நானம், விவாகம், மரணம் எல்லாவற்றையும் பழைய சுவாமிமார் லத்தீனில் எழுதி வைத்திருந்தார்கள். யாருக்காவது பத்திரம் தேவைப்பட்டால் அந்தக் கொப்பிகளைத் தூசு தட்டி வாசித்துப் பிரதி எடுத்துக் கொடுப்பது இவர் வேலை. இங்கே வந்து டவுன்ரவுனில் ஒரு கட்டடத்தைக் கூட்டித் துடைத்தார். ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்டில் அவரும் நானும் ஒன்றாக இருந்தோம்.

நான் அருள்நாயகம். ஊரில் ஆங்கில வாத்தியார். இங்கே சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன், அதில் எனக்குப் பெரிய நடப்பும் பெருமையும் இருந்தது. 1994இல் அகஸ்ரின் தன் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பித்தபோது நிரப்பியது நான்தான். மனைவி கிளடிஸ், மகன் பஸ்ரியன் என்று எழுதிவிட்டு மூன்றாவது ஆளில் நின்றேன்.

"வேரோனிக்கா என்ரை அண்ணையின்ரை பிள்ளை, மாஸ்ரர்" என்றார் அகஸ்ரின். "அண்ணையும் அண்ணியும் எண்பத்தாறிலை ஒரே ஷெல்லிலை முடிஞ்சு போச்சினம். அஞ்சு வயசிலையிருந்து எங்களோடை. என்னை அப்பா எண்டுதான் கூப்பிடுவாள். என்னெண்டு எழுதுறது?"

"பெறாமகள்தானே. யோசிப்பம்" என்றேன்.

அண்ணன் மகளுக்கு எங்கள் பேச்சில் பெறாமகள் என்றுதான் பெயர். பெறாவிட்டாலும் மகள். ஆங்கிலத்தில் அதற்கு என்ன போடுவது? நீஸ் என்றால் மருமகள் என்று இருபத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதியவன் நான். மருமகள் என்பவள் சகோதரியின் மகள், மகனுக்குக் கட்டி வைக்கக்கூடிய முறை. பஸ்ரியனும் அவளும் ஒரு பாயில் படுத்து வளர்ந்த பிள்ளைகள். நீஸ் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. மகள், டோட்டர் என்று எழுதினேன். அகஸ்ரின் கையெழுத்து வைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். வேரோனிக்கா அவர் மகள் அல்ல, தந்த தகவல் பொய் என்று கடிதம் வந்தது. கடிதத்தை ஒரு வக்கீலிடம் கொண்டுபோனோம். வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். நீஸ் என்று எழுதியிருந்தால் தாய் தகப்பனை இழந்த பிள்ளை என்று கேட்க ஒரு வழி இருந்ததாம். இனிமேல் அதைச் சொன்னால் யார் நம்புவது? பெற்றவர்கள் செத்ததற்கும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

"டோட்டர் என்று எழுதினது யார்?" என்று வக்கீல் கேட்டார். கேள்வியை நான் தமிழில் சொன்னேன். அகஸ்ரின் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். அதற்கும் எனக்கு வாய் வந்தது.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை மிஸ் டுகன். எழுபத்தொன்பது வயது, கல்யாணம் செய்யாதவர், பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் அகஸ்ரின் அவருடைய வீட்டைத் துப்புரவு செய்யப் போவார். அந்த வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு பழைய கப்பல் சீட்டு தொங்கியது. 1847இல், அயர்லாந்தில் கிழங்கு அழுகிச் சனம் பசியில் செத்துக்கொண்டிருந்தபோது, டுகன் குடும்பம் ஏறி வந்த சீட்டு. தகப்பன், தாய், மூன்று பெண்கள், கடைசியில் பற்றிக், மகன், எட்டு வயது. அந்தப் பற்றிக்தான் மிஸ் டுகனின் பாட்டன். நூற்றைம்பதாவது வருஷத்துக்கு உறவெல்லாம் கூடுவதற்குள் வம்சத்தை எழுதி முடிக்க வேண்டும் என்று கிழவி ஒற்றைக்காலில் நின்றார். கோயில் பதிவுகளோ லத்தீன். மேசையில் கிடந்த பிரதி ஒன்றை, வீடு கூட்ட வந்த மனிதன் கடகடவென்று வாசித்ததும் அவருக்கு வாயடைத்துப் போனதாம்.

அன்றிலிருந்து அகஸ்ரின் வேலை முடிந்ததும் ஆவணக் காப்பகத்துக்குப் போய் மைக்ரோபிலிம் சுற்றினார். பதிலுக்கு மிஸ் டுகன் ஒட்டாவாவில் பெரிய இடத்தில் இருக்கும் தன் பழைய மாணவனுக்கு வேரோனிக்காவுக்காக ஒரு கடிதம் எழுதுவார் என்பது பேச்சு. கடிதம் ரைப் பண்ணி மேசையில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

மாசி மாதம் ஒரு நாள் அகஸ்ரின் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். அயர்லாந்துப் பதிவில் டுகனின் மூன்று பெண்களின் ஞானஸ்நானமும் இருந்தது, பற்றிக் இல்லை. இங்கே நடந்த பற்றிக்கின் விவாகப் பதிவில் சுவாமியார் விளக்கமாக எழுதியிருந்தார்: காலஞ்சென்ற மைக்கல் ஷீஹியின் மகன், அநாதை, டுகன் வீட்டில் வளர்ந்தவன்.

"அயல் வீட்டுப் பிள்ளையாக்கும், மாஸ்ரர். தாய் தகப்பன் பஞ்சத்திலை செத்துப்போச்சினம். மகன் எண்டு எழுதிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கினம். இதை அறிஞ்சால் மனிசி என்ரை பிள்ளையைக் கைவிடமாட்டா."

வேண்டாம் என்று நான் தடுத்திருக்க வேண்டும். எனக்கும் அது நல்ல நியாயமாகத்தான் பட்டது. இரண்டு மடையர்கள் சேர்ந்து அந்தச் சனிக்கிழமை புறப்பட்டோம். அகஸ்ரின் துப்புரவு வேலையை முடித்த பிறகு நான் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்.

மிஸ் டுகன் கடைசிவரை கேட்டார். "அப்படியென்றால் நான் டுகன் இல்லை என்கிறாரா?"

"வளர்த்தவையின்ரை பிள்ளைதானே" என்றார் அகஸ்ரின். "என்ரை வேரோனிக்காவும் அப்பிடித்தான் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். கிழவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எங்கள் ஆட்கள் பொய் எழுதிக்கொண்டு இந்த நாட்டுக்கு வரவில்லை. அது உங்கள் ஆட்களின் வேலை" என்றார்.

"என்னவாம்?" என்று அகஸ்ரின் கேட்டார். நான் வாய் திறப்பதற்கு முன் மிஸ் டுகன் மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். அடுத்த சனிக்கிழமை வரத் தேவையில்லை என்றும் சொன்னார். அகஸ்ரின் எழுந்து, வழக்கம்போலக் கூடையைப் பைக்குள் கொட்டிக் கட்டி, வெளியே கொண்டுபோய் வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பையை அவிழ்த்து நடு விறாந்தையில் கொட்டியிருப்பேன். கொட்டவில்லை.

அதன் பிறகு வக்கீல் ஒரு வழி சொன்னார். வேரோனிக்காவை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டால் தாயும் மகனும் வரலாம். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் மூன்று பேரும் பொலிஸ் பதிவுக்கும் சுற்றிவளைப்புக்கும் பயந்து கிடந்தார்கள். பதினாறு வயதுப் பெண்ணைக் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் விடலாம் என்று கிளடிஸ் எழுதியிருந்தாள். அகஸ்ரின் இரண்டு கிழமை சாப்பிடாமல் திரிந்தார். பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். இம்முறை நான் நீஸ் என்று சரியாக எழுதினேன். வேரோனிக்கா என் மகள் அல்ல என்ற வரியின் கீழே அவர் கையெழுத்து வைத்தார்.

வைகாசியில் ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. அகஸ்ரின் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"அங்கிள், அகஸ்ரின் சித்தப்பா நிக்கிறாரோ?"

யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. "ஆர் பிள்ளை?"

"வேரோனிக்கா. சித்தியும் பஸ்ரியனும் பிளேன் ஏறிட்டினம். பஸ்ரியனுக்குக் குளிர் உடுப்பில்லை, ஒண்டு கொண்டு போகச் சொல்லுங்கோ."

"கொஞ்சம் பொறு பிள்ளை, அப்பா இப்ப வந்திடுவார்."

"வேண்டாம் அங்கிள். நீங்கள் சொன்னால் போதும்."

அரை மணித்தியாலத்தில் அவர் வந்தார். மகள் ரெலிபோன் எடுத்தவள் என்று சொல்லி, மற்றதையும் சொன்னேன். சப்பாத்தையும் கழற்றாமல் நின்று கேட்டார்.

"அவள் வேறை என்ன சொன்னவள்? அப்பா எங்கை எண்டு கேட்டவளோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லை மாற்றி நான் செய்த கேடு போதும் என்று நினைத்தேன்.

"சித்தப்பா நிக்கிறாரோ எண்டு கேட்டவள்" என்றேன்.