அக்கா இருக்கும் மாவட்டம்

போன வாரம் கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு காலிங் பெல் அடித்தது. கையில் செல்போனோடு ஓர் இளம் ஆசிரியை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பாம்!

"சார், வழக்கமா இந்த வீட்ல எத்தினி பேரு இருக்கீங்க?"

"மூணு" என்றேன். நான், மனைவி, அக்கா.

"ரெண்டுன்னு போடும்மா..." - உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் சிதம்பரம் தெற்கு வீதியில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் - பெண்ணைத் தென்னாற்காடு ஜில்லாவைத் தாண்டிக் கொடுக்கக் கூடாது. மாயவரத்திலிருந்து நல்ல வரன் வந்தது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லா, வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்தார்.

மாயவரம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். கள்ளக்குறிச்சிக்கோ பஸ் மாறி மாறிப் போக வேண்டும். அதனாலென்ன, ஒரே ஜில்லா அல்லவா?

பிறகு ஜில்லாவையே பிரித்தார்கள். நாங்கள் கடலூர் மாவட்டம், அக்கா விழுப்புரம் மாவட்டம். அன்று அப்பா செய்தித்தாளைப் படித்து முடிக்காமலே மடித்து வைத்துவிட்டார். அவர் போன பிறகு அதையும் பிரித்து, கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமாகிவிட்டது. அக்கா என்னவோ அதே வீட்டில்தான் இருந்தாள். நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் அவளிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது போல இருந்தது.

போன வருடம் மாமா தவறிப் போனார். பிள்ளைகள் இல்லை. மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்க அக்காவை இங்கே அழைத்து வந்தேன். காபியில் சர்க்கரை ஜாஸ்தி என்று அவள் சண்டை பிடிக்க, நான் பதிலுக்குக் கத்த... வீடு வீடாக இருந்தது. இனி இங்கேயே இருந்துவிடுவாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவளைத்தான் கேட்கவில்லை!

"ஏங்க்கா, இங்கயே இருந்துடேன். அங்க யாரு இருக்கா?"

"அதாண்டா நானும் சொல்றேன். எங்க தெருவுல பாதி வூடு பூட்டிக் கெடக்கு. திருப்பூரு, மெட்ராசுன்னு எல்லாம் போயிட்டாங்க. நானும் இங்க வந்துட்டா, அங்க எண்ண வர்றவுங்க யாரத்தான் எண்ணுவாங்க? உங்க மாமா பாத்துப் பாத்துக் கட்டுன வூடு. பூட்ட மனசு வரலடா."

ஆசிரியை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சார் போடட்டும்?"

"ரெண்டு..." என்றேன்.

மறுநாளே கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, பஸ் திரும்பி மறையும்வரை நின்றிருந்தேன். கையசைத்தாளா? கண்ணாடியில் வெயில் அடித்ததில் தெரியவில்லை.

நேற்று போன் வந்தது.

"இங்கயும் எண்ண வந்தாங்கடா. எத்தினி பேருன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"



"ஒண்ணுன்னு சொன்னேன். ஒரு நட வந்துட்டுப் போங்களேண்டா, ரெண்டு பேரும்."

மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். எத்தனை நாளைக்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.