ஜெயம் டாக்கீஸின் இடது ஸ்பீக்கர்

அன்று காலை அமீர் ஜானுக்கு இட்லி தொண்டையில் இறங்கவில்லை. "உடம்புக்கு இன்னாங்க?" என்று அசீசுன்னிசா கேட்டாள். "ஒண்ணுமில்ல. மெட்ராஸ்லேருந்து இஞ்சினியரு வராரு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். இஞ்சினியர் வந்தால் தன் புருஷன் ஏன் தட்டை நகர்த்தி வைக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. அவர் புரிய வைக்கவும் இல்லை.

செஞ்சி ஜெயம் டாக்கீஸில் அவர் ஆபரேட்டர். அப்பாவுக்குக் கடைத்தெருவில் தகரப் பெட்டி அடிக்கிற கடை. பொழுது விடிந்தால் டங்கு டங்கென்று சுத்திச் சத்தம். அந்தச் சத்தத்திலேயே அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் இரண்டு காதும் போய்விட்டது. வாங்க வருகிறவர்கள் முகத்துக்கு நேரே கத்துவார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் அவர் முன்னாலேயே அவரைப் பற்றிக் கேலி பேசிச் சிரிப்பார்கள். தன்னிடம்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து அவரும் கூடச் சிரிப்பார். அதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் அமீர் ஜான் தகரத்தைத் தொடமாட்டேன் என்று அனந்தபுரம் டூரிங் கொட்டகைக்கு ஃபிலிம் சுற்றுகிற வேலைக்கு ஓடினார். அங்கிருந்து ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கி, ஜெயம் டாக்கீஸ் கட்டிய நாளிலிருந்து இதே மிஷின் ரூமில்தான் இருக்கிறார்.

1986 பொங்கலுக்கு முதலாளி கனகராஜ் ஸ்டீரியோ செட் போட்டார். அதுவரைக்கும் திரைக்குப் பின்னால் ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர். இப்போது இடம், வலம், நடு என்று மூன்று. அடியில் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பேஸ் பெட்டி. சுவரோரம் சின்னச் சின்னப் பெட்டிகள். மெட்ராஸிலிருந்து கோதண்டராமன் என்ற இஞ்சினியர் வந்து டார்ச் லைட் மாதிரி இருந்த ஒரு மீட்டரை வைத்து ஒவ்வொன்றின் சத்தத்தையும் அளந்து நிறுத்தினார். மிஷின் ரூமில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு குமிழ். எது எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுப் போனார். திண்டிவனம் ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் ஸ்டீரியோ வந்துவிட்டது என்ற போஸ்டரைச் சுமந்துகொண்டு போயிற்று. சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் டபுள்ஸ் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

சித்திரை பிறந்ததும் அமீர் ஜானுக்கு இடது ஸ்பீக்கர் மேல் ஒரு சந்தேகம் வந்தது. ஆட்டம் இல்லாத நேரத்தில் ஹாலில் வந்து உட்கார்ந்து கேட்டால் பாட்டு முழுக்க வலது பக்கத்திலேயே ஓடியது. புது செட்டுதானே, பழகப் பழகத் தொய்ந்திருக்கும் என்று குமிழைத் துளி ஏற்றினார். ஒரு வாரம் சரியாக இருந்தது. மறுபடியும் வலது பக்கம் சாய்ந்தது. மறுபடியும் துளி. கோட்டைத் தாண்டிக் குமிழ் வெகுதூரம் போய்விட்டது. தொழில் தெரிந்தவன் செய்கிற வேலையைத்தான் செய்கிறோம் என்று அவருக்கு மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

ஜெயம் டாக்கீஸில் தரை டிக்கெட்டில் நடுவே இடுப்பளவு சுவர். வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிப்பது தனகோட்டி. அவள்தான் முதலாளியிடம் போய் நின்றாள்.

"மொதலாளி, பொம்பளைங்க எல்லாம் காதுல முந்தானைய அடைச்சிக்கினு படம் பாக்குறாங்க. கைக்கொழந்தைங்க கத்துதுங்க. அந்தப் பக்கத்து ரேடியோவக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க."

"ரேடியோவா? லட்ச ரூபா செட்டுடி அது" என்றார் கனகராஜ். இருந்தாலும் மெட்ராஸுக்குப் போன் போட்டார். போட்டுவிட்டு அவளிடம் சொன்னார்: "இஞ்சினியரு வந்து ஒண்ணுமில்லன்னு சொன்னாருன்னு வை, நீ மறுநாள்லேருந்து இந்தப் பக்கம் வராத. ஊரு பூரா எம் பேரக் கெடுக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?"

இதைக் கேட்ட அன்றைக்குத்தான் அமீர் ஜான் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று ஆட்டத்துக்கு முன்னால் பாட்டு கேசட்டை ஓடவிட்டு ஹாலுக்கு இறங்கி வந்தார். நடு வரிசையில் உட்கார்ந்தார். சரியாகத்தான் இருந்தது. பின்சுவரில் ஒரு பெட்டி கோணலாகத் தொங்கியதுபோல் தெரிய, நாற்காலியில் முட்டிபோட்டுத் திரும்பினார். திரைக்கு முதுகு காட்டிய அந்த நொடியில் பாட்டு வலது காதில் இடியாக விழுந்தது. முதலில் புரியவில்லை. திரும்பி உட்கார்ந்தார், சரியாக இருந்தது. முதுகைக் காட்டினார்; இடி. அப்புறம், செய்ய வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்ல, உள்ளங்கையால் வலது காதைப் பொத்தினார்.

பாட்டு நின்றுவிட்டது. மின்விசிறி நின்றுவிட்டது. ரோட்டில் போன லாரி நின்றுவிட்டது. கால் வழியாகப் பேஸ் பெட்டியின் அதிர்வு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

ஒற்றை ஸ்பீக்கர் இருந்தவரை ஒற்றைக் காது எப்போது போனது என்றே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது தெரிந்துவிட்டது. காது கேட்காத ஆபரேட்டரை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? நாற்பத்திரண்டு வயதில் வேறென்ன தெரியும்? தகரத்துக்கா திரும்பிப் போவது? அன்றிலிருந்து அவர் சுவரை இடது பக்கம் வைத்தே நின்றார், நடந்தார். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுத் தான் திரும்பாமல் போய்விடுவோமோ என்று நொடிக்கொரு தரம் தானாகவே திரும்பிப் பார்த்தார். கடைத்தெருவில் நாலு பேர் சிரித்தால் அப்பா ஞாபகம் வந்தது.

இஞ்சினியர் வருகிற அன்று அவர்தான் எல்லோருக்கும் முன்னால் கொட்டகைக்குப் போனார். மிஷின் ரூமைத் திறந்து, இடது குமிழைப் பழைய வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அவ்வளவுதான். இனி மீட்டருக்குக்கூட ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

கோதண்டராமன் வந்ததும் மின்விசிறிகளை எல்லாம் நிறுத்தச் சொன்னார். "அந்த இரைச்சலும் சேர்ந்து மீட்டர் முள்ளை ஆட்டிடும்." ஹாலின் பின்பாதியில் ஒரு நாற்காலி மேல், உட்கார்ந்த ஆளின் காது உயரத்துக்கு, ஸ்டாண்டில் மீட்டரை நிறுத்தினார். இன்னொரு சின்னப் பெட்டியை மிஷின் ரூமில் மாட்டினார். அதைப் போட்டால் கூரைமேல் மழை கொட்டுவதுபோல் ஒரே சீராக ஓர் இரைச்சல் வரும். அதை ஒரு நேரத்துக்கு ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். எல்லா ஸ்பீக்கருக்கும் முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். "நான் கீழேருந்து டார்ச் லைட் காட்டறேன். மேல ஆட்டினா ஏத்துங்க பாய், கீழ ஆட்டினா இறக்குங்க." கத்திச் சொல்லாமல் டார்ச் என்றாரே, அந்த மட்டுக்கும் அமீர் ஜானுக்கு உயிர் வந்தது.

நடு. எண்பத்தைந்து டெசிபல். வலது. எண்பத்தைந்து. இடது ஸ்பீக்கருக்கு மாற்றியபோது அவருக்கு இரைச்சல் பாதியாகக் குறைந்ததுபோல் இருந்தது. திரைக்கு வெளிச்சம் பாய்கிற ஓட்டை வழியாக டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச் ஆடவில்லை. அதுவும் எண்பத்தைந்து. பேஸ் பெட்டிக்குப் போட்டதும் வயிற்றுக்குள் அதிர்ந்தது. டார்ச் ஒரு தரம் கீழே ஆடி நின்றது.

எல்லாம் முடிந்தது. கீழே கோதண்டராமன் முதலாளியிடம் என்னவோ சொல்லிக் கையை விரித்தார். முதலாளி வாசல் பக்கம் பார்த்துக் விரலைச் சொடுக்கினார். தனகோட்டி வந்தாள். மேலே இருந்த அமீர் ஜானுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. முதலாளி விரல் வெளி வாசலைக் காட்டியது. தனகோட்டி மார்பில் கையை வைத்து என்னவோ சத்தியம் செய்தாள். அப்புறம் இடுப்பில் செருகியிருந்த பெண்கள் வாசல் சாவியை எடுத்து, நடுச் சுவர்மேல் வைத்தாள்.

புருஷன் இல்லாதவள், இந்த வாசலை நம்பித்தான் இருக்கிறாள். பேசாமல் இருந்தால் அவள் போவாள். பேசினால் யார் போவது? படியில் இறங்கும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார்.

"மொதலாளி, அந்தம்மா சொன்னது மெய்தான். நான்தான் எடது பக்கம் ஏத்தி வெச்சிருந்தேன். காத்தால கொறைச்சிட்டேன். எஃபெக்ட்டு நல்லா இருக்குமேன்னு..."

தனகோட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் பாய், எம் பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்கு உனக்கு எஃபெக்ட்டு வேணுமா?"

"சும்மா இரு" என்றார் கனகராஜ்.

கோதண்டராமன் கோபப்படவில்லை. "எவ்வளவு ஏத்தி வெச்சிருந்தீங்க? அதே இடத்துல வெச்சுக் காட்டுங்க பாய். பார்ப்போம்" என்றார்.

மறுபடியும் மேலே போனார். குமிழில் கை வைத்தார். இங்கேதான் ஆபத்து. பாதி தூரம் வைத்தால் ஏதோ ஆசையில் ஏற்றினான் என்று நாலு திட்டோடு விட்டுவிடுவார்கள். ஆனால் பாதியில் முந்தானையை அடைத்துக்கொள்கிற அளவுக்குச் சத்தம் வராது. தனகோட்டி பாதிப் பொய்க்காரியாகவே வெளியே போவாள். இரண்டு விரலும் குமிழில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றார். பிறகு கடைசியாக வைத்திருந்த இடத்துக்கே திருப்பினார். இரைச்சலைப் போட்டார்.

ஓட்டை வழியாகப் பார்த்தார். முதலாளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்னால் போனார். தனகோட்டி முந்தானையை அடைத்துக்கொண்டாள். கோதண்டராமன் மட்டும் மீட்டரைக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு டார்ச்சைக்கூட ஆட்டாமல் மிஷின் ரூமை நிமிர்ந்து பார்த்தார்.

அமீர் ஜான் கீழே வந்தபோது கோதண்டராமன் மெதுவாகக் கேட்டார். "தொண்ணூத்தஞ்சு. பத்து ஏறினாலே காதுக்கு ரெண்டு மடங்காத் தெரியும் பாய். இது உங்களுக்கு எஃபெக்ட்டாவா கேட்டுச்சு?"

தயார் செய்த பொய் அத்தோடு தீர்ந்து போயிருந்தது.

"சமமாக் கேட்டுது சார்" என்றார் அமீர் ஜான். "எனக்கு எடது காது போயிடுச்சி. போன வாரம்தான் தெரியும். வூட்ல கூடச் சொல்லல."

நிறுத்திய மின்விசிறிகளை மறுபடி போட யாருக்கும் தோன்றவில்லை. கனகராஜ் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"மிஷின்ல கோளாறுன்னா உனக்கு எப்பிடிய்யா தெரியும்?"

"வலது காதுல கேக்குது மொதலாளி. கையில தெரியுது."

"தீ புடிச்சா?"

அமீர் ஜான் மேலே மிஷின் ரூமைத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே மேட்னிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "குமிழக் கோட்டுல வை. படத்தப் போடு. நான் மேல வந்து பாக்குறேன்" என்றார் கனகராஜ். தனகோட்டி சுவர்மேலிருந்த சாவியை, யாரும் எடுத்துக்கொள் என்று சொல்வதற்கு முன்னால், தானே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

முதலாளி மிஷின் ரூமுக்கு வருவது வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு. இன்றைக்கு மிஷினுக்குள் எரிகிற கார்பன் விளக்கின் அனலில் வியர்க்க விறுவிறுக்க ஒரு மூலையில் நின்றார். அமீர் ஜான் கைகள் பழகிய வேலையைச் செய்தன. அங்கே இரண்டு மிஷின்; ஒன்றில் ரீல் தீரப்போகும்போது மணி அடிக்கும். திரையின் மூலையில் ஒரு புள்ளி வந்து மறையும். இரண்டாவது புள்ளிக்கு அந்த மிஷினை மூடி இந்த மிஷினைத் திறக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் திரை வெள்ளையாகும், விசில் பறக்கும். ஒவ்வொரு தடவையும் மணிக்கு முன்னாலேயே அவர் வலது காதை மிஷின் பக்கம் திருப்பினார். மணி கேட்டுவிட்டதா, இல்லை, கேட்டதாக நினைக்கிறோமா? இரண்டு ரீல் மாறியது. ஹாலில் யாருக்கும் மாறியது தெரியவில்லை.

மூன்றாவது ரீலை மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது முதலாளியின் வாய் அசைந்துகொண்டிருப்பது தெரிந்தது. அவர் நின்றது இடது பக்கம். அமீர் ஜான் கேட்டதுபோல் தலையாட்டப் போனார். 'நாளைக்கு வராதே' என்று சொல்லியிருந்தால்? அதற்குத் தலையாட்டினால் தீர்ந்தது.

"மொதலாளி, கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

கனகராஜ் சூடான விளக்குக் கூண்டில் வேட்டி படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு மிஷினையும் சுற்றி, வலது பக்கம் வந்து நின்றார்.

"டீ குடிக்கிறியான்னு கேட்டேன்யா. அதுக்கு என்னிய இந்த அனல்ல பிரதட்சணம் பண்ண வெச்சிட்ட." கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் குமிழுக்கெல்லாம் மூடி போட்டுப் பூட்டச் சொல்லியிருக்கேன். சாவி தனகோட்டிகிட்ட. சத்தம் கூடுதல், கொறைச்சல் எல்லாம் அவளப் பாத்துக்கச் சொல்லிட்டேன். மேல உன்கூட இன்னொரு ஆளப் போடறேன், ரெண்டு காதும் கேக்கறவனா. நீ ஒண்டியா இனிமே இங்க நிக்கக் கூடாது."

"அப்ப நாளைக்கு நான் வரட்டுமா மொதலாளி?"

"நீ வராம மிஷின நானா ஓட்டுவேன்?"

அமீர் ஜான் மிஷினின் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டார். சாயங்கால ஆட்டத்துக்குள் தனகோட்டி வாய் வழியாகச் சேதி கடைத்தெருவுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் வீட்டுக்கு ஓடி அசீசுன்னிசாவிடம் தானே சொல்லிவிட வேண்டும்.

"டீ வேணும் மொதலாளி" என்றார்.